சாவிக்கொத்து பரசுராமன் கைக்கு வந்த விதம்

நீதிமன்றக் காவலில் இருந்த பரசுராமன் என்பவரின் இறப்பு குறித்த விசாரணையில், நீதித்துறை நடுவர் அவர்கள் முன்னிலையில் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் சீனிவாசன். தகப்பனார் பெயர் கோவிந்தசாமி. அவர் இப்போது இல்லை. என் வயது எழுபத்தொன்று. கதவு எண் 14, பஜனை கோயில் தெரு, ஓரிக்கை என்பது என் விலாசம். அரசு சுகாதார நிலையங்களில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை செய்து ஓய்வு பெற்றேன். என் மூத்த மகன் அண்டை வீட்டுக்காரரை வெட்டிய வழக்கில் நான் இரண்டாவது எதிரி. மகன் தலைமறைவாக இருக்கிறான். வெட்டு நடந்தபோது நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது என் மீதான குற்றச்சாட்டு. பிடித்திருந்தது உண்மை. திறக்கப் பிடித்தேனா, மூடப் பிடித்தேனா என்பது எனக்கே இன்றுவரை தெளிவாகவில்லை. அந்த வழக்கில் நான் கிளைச் சிறையில் முப்பத்தேழு நாட்களாக இருக்கிறேன்.

சிறை நிர்வாகம் அனுப்பிய அறிக்கையை நடுவர் அவர்கள் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சிறைக்காவலர் ஜெயக்குமாரின் இடுப்பிலிருந்து பரசுராமன் சாவிக்கொத்தைப் பறித்துத் தப்பிக்க முயன்றதாகவும், ஜோசுவா என்ற கைதி அதற்கு உதவியதாகவும், தடுத்தபோது பரசுராமன் படிக்கட்டில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்ததாகவும் அதில் இருக்கிறது. அறிக்கையோடு என் கையெழுத்திட்ட வாக்குமூலம் ஒன்றும் இணைக்கப்பட்டிருக்கிறது. அதில் உள்ள எழுத்து என்னுடையது. அதில் உள்ள செய்தி பொய். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்ல அனுமதி கேட்டேன். வரிசை தப்பினால் எனக்கு நினைவும் தப்பிவிடும். சாவிக்கொத்தைப் பற்றி அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

நான் இருந்த சிறையில் இரண்டு பெரிய அறைகளும் நடுவில் ஒரு சிமெண்டு முற்றமும் உண்டு. செவிலியர் கிடையாது. செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு மருத்துவர் வந்து போவார். நான் மருந்து வேலை பார்த்தவன் என்று தெரிந்தபின், பொறுப்பு அலுவலர் ஆனந்தராஜ் காலையில் ஒரு மணி நேரம் என்னை அலுவலக அறையில் உட்காரவைத்து, கைதிகளின் மாத்திரைகளைப் பிரித்துக் கொடுக்கவும் மருந்து நோட்டை எழுதவும் சொன்னார். மாத்திரைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் அலமாரியில் இருக்கும். டப்பாவுக்குப் பூட்டு இல்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை பரசுராமனைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை. பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துனரை அடித்ததாக வழக்கு. புதிதாக வருபவர்களை முற்றத்தில் குப்புறப் படுக்கவைத்து உள்ளங்காலில் லத்தியால் அடிப்பது அங்கே நடைமுறை. அதற்கு வரவேற்பு என்று பெயர். நான் வந்தபோது என் வயதைப் பார்த்து விட்டுவிட்டார்கள். அவரைப் படுக்கவைத்தபோது அவர், "சார், எனக்கு வலிப்பு இருக்குது சார். தலையில மட்டும் அடிக்காதீங்க சார்" என்றார். அதற்கு ஜெயக்குமார், "கால்லதான்டா அடிக்கப் போறோம். தலைய நீயே வெச்சுக்கோ" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். காலுக்கு ஆறு வீதம் பன்னிரண்டு அடி. இதை நான் சொல்வது, அவருக்கு வலிப்பு உண்டு என்பது முதல் நாளே ஜெயக்குமாருக்குத் தெரியும் என்பதற்காக.

அதன் பிறகு அவரை என் அறையில் விட்டார்கள். நடக்க முடியாமல் முழங்காலால் வந்தார். ஈரத் துண்டைக் காலில் சுற்றிவிட்டேன். அவருடைய நகக்கண்களில் அரக்குச் சிவப்புச் சாயம் ஏறியிருந்தது. எட்டு ஆண்டுகளாகக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று மாத்திரை சாப்பிடுவதாகவும், கடைசி மாத்திரை அன்று காலை வீட்டில் போட்டது என்றும் சொன்னார். வலிப்பு வருவதற்கு முன்னால் ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். "சாயம் கொதிக்கிற வாடை வரும், கம்பவுண்டர் சார். பட்டறைல இருந்தா நெசமான வாடையா, அந்த வாடையான்னு தெரியாது. வேற எங்கனா வந்திச்சுன்னா உடனே படுத்துக்குவேன்" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவர் மனைவி லில்லி மாத்திரைகளோடு வந்தார். மொத்தம் முப்பது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வெளி மருந்து கொடுக்கக் கூடாது என்று ஆனந்தராஜ் சொன்னார். மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி, நோட்டில் வரவு எழுதச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இதற்கு முன் அவர் வேலை பார்த்த இடத்தில் வெளியிலிருந்து வந்த மாத்திரையைச் சாப்பிட்டு ஒரு கைதி மயங்கி, அதில் அவர் ஐந்து மாதம் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தார் என்று கேள்வி. லில்லி அலுவலக அறையின் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம், "சார், ஒரு வேளை உட்டாலும் இஸ்துக்கும் சார். நீங்க பெரியவரு, கொஞ்சம் சொல்லுங்க" என்றார். செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்துவிடுவார் என்று சொன்னேன்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகள் அதைப் பிறருக்குச் சொல்லிவந்திருக்கிறேன். டப்பா என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. சனிக்கிழமை காலை எண்ணினேன், முப்பது. நோட்டில் இருப்பு முப்பது என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமையும் எண்ணினேன், முப்பது.

திங்கட்கிழமை காலை கஞ்சி வாங்கும் வரிசையில் பரசுராமனுக்கு இடது கை மட்டும் இழுத்தது. அரை நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. ஆனால் தட்டு பறந்து, கொதிக்கும் கஞ்சி முன்னால் நின்றவர் முதுகில் விழுந்தது. அவர் திரும்பிப் பரசுராமனைக் கீழே தள்ளி விலாவில் மூன்று முறை உதைத்தார். ஜோசுவா ஓடிவந்து உதைத்தவரைக் கட்டிப்பிடித்து இழுத்தார். ஜோசுவா குழாய் பழுது பார்க்கும் தொழில் செய்பவர், இருபத்தெட்டு வயது, பரசுராமனுக்கு அதற்கு முன் பழக்கம் இல்லாதவர். ஜெயக்குமார் வந்து கஞ்சி சிந்தியதற்காகப் பரசுராமன் கன்னத்தில் அறைந்தார். நாக்கு கடிபட்டிருந்ததால் எச்சில் இரத்தமாக வந்தது.

அதன் பிறகு நான் ஆனந்தராஜிடம் சென்று, மாத்திரை கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"பெரியவரே, நீங்க டாக்டரா?" என்றார்.

"இல்லீங்க."

"நான் டாக்டரா?"

"இல்லீங்க."

"அப்ப ரெண்டு பேரும் சும்மா இருப்போம். நாளைக்கி அவரு வருவாரு."

மறுநாள் செவ்வாய்க்கிழமை மருத்துவர் வரவில்லை. கோயில் திருவிழா தொடங்கிவிட்டதால் அவரை விழா முகாமில் போட்டிருப்பதாகத் தகவல் வந்தது. லில்லி வெளியே மருத்துவமனைக்குச் சென்று சீட்டு கேட்டதாகவும், நோயாளியை நேரில் பார்க்காமல் எழுத முடியாது என்று அனுப்பிவிட்டதாகவும் சன்னலில் வந்து சொன்னார். நோயாளியை அனுப்புங்கள் என்று கேட்டார். கைதியை வெளியே அனுப்ப வழிக்காவல் போலீஸ் வர வேண்டும். அவர்களும் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். புதன்கிழமை காலை எண்ணினேன், முப்பது.

வியாழக்கிழமை கருட சேவை. விடியும் முன்னரே தெருவில் கூட்டம் போகும் சத்தமும் நாயனமும் கேட்டன. காலை ஆறு மணிக்குத் தாழ் திறந்தார்கள். அன்று நாங்கள் இருபத்து மூன்று பேர். வழக்கம் போல முற்றத்தில் நான்கு நான்காகக் குந்தவைத்து, கைகளைத் தலையில் வைக்கச் சொல்லி, ஜெயக்குமார் லத்தி முனையால் ஒவ்வொரு தலையையும் தொட்டுக் கணக்கெடுத்தார். பரசுராமன் இரண்டாவது வரிசையில் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் நான். அவருக்கு நேர் பின்னால் ஜோசுவா. ஜெயக்குமார் முதல் வரிசையை எண்ணிக்கொண்டிருந்தபோது பரசுராமன் என் பக்கம் திரும்பி, "கம்பவுண்டர் சார், வாடை வருது" என்றார்.

எனக்குப் புரிந்தது. அவரைப் படுக்கச் சொல்லியிருக்க வேண்டும். கணக்கெடுக்கும்போது யாரும் அசையக் கூடாது என்பது விதி. "கொஞ்சம் பொறுப்பா, கணக்கு முடியட்டும்" என்றேன்.

உடனே அவர் என் முழங்காலின் மேல் சாய்ந்து தரையில் விழுந்தார். கைகால்கள் விறைத்து இழுக்கத் தொடங்கின. நான் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். வலிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று எண்ண வேண்டும், முந்நூறு தாண்டினால் ஆபத்து என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். இனி நான் சொல்லும் எண்கள் அந்த எண்ணிக்கை. ஓர் எண்ணுக்கு ஒரு விநாடி என்பது என் கணக்கு. பதற்றத்தில் சற்று வேகமாக எண்ணியிருக்கலாம்.

எட்டு எண்ணியபோது ஜெயக்குமார் வந்து நின்றார். "இன்னாடா, கருட சேவைக்குப் போவணுமா? ஆஸ்பத்திரி வண்டில ஊர்கோலமா?" என்றார். தொடையில் இரண்டு அடி அடித்தார். அதற்கு முந்தைய மாதம் ஒருவன் வலிப்பு வந்தது போல நடித்து மருத்துவமனைக்குப் போய் அங்கிருந்து ஓடிவிட்டான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அன்று வழிக்காவலுடன் போனவர் ஜெயக்குமார்தான். பின்னாலிருந்து ஜோசுவா, "அண்ணே, நடிப்பு இல்லண்ணே, வாயில நுரை வருது பாருங்கண்ணே" என்றார். மற்றவர்கள், "இரும்பு குடுங்கப்பா, கைல இரும்பு குடுங்க" என்று கத்தினார்கள்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அதில் உண்மை இல்லை. இரும்பு கொடுக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள் என்ற அரசாங்கச் சுவரொட்டியை நான் வேலை பார்த்த ஒவ்வொரு நிலையத்திலும் என் கையாலேயே பசை தடவி ஒட்டியிருக்கிறேன். சிறையில் கைதிகள் கைக்கு எட்டும்படி இரும்பு எதுவும் வைப்பதில்லை. தட்டு அலுமினியம், வாளி பிளாஸ்டிக். முற்றத்தில் கழற்றக்கூடிய இரும்பு என்று இருந்தது ஜெயக்குமாரின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து ஒன்றுதான்.

நாற்பது எண்ணியபோது ஜெயக்குமார் குனிந்து பரசுராமனின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அவருடைய இடுப்பு என் முகத்துக்கு நேராக வந்தது. நான் தலையிலிருந்து வலது கையை எடுத்தேன். கொக்கியைக் கட்டைவிரலால் அழுத்தினேன். வளையம் கழன்றது. சாவிக்கொத்தைப் பரசுராமனின் வலது உள்ளங்கையில் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் விரல்கள் மூடிக்கொண்டன. நான் கையைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டேன்.

சாவிக்கொத்தை ஜெயக்குமாரின் இடுப்பிலிருந்து எடுத்தது நான். பரசுராமன் எடுக்கவில்லை. எடுக்கும் நிலையில் அவர் இல்லை. ஜோசுவா எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. ஏன் எடுத்தேன் என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். சிறு வயதில் என் தம்பிக்கு வலிப்பு வரும். என் தாயார் தாழ்ப்பாள் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார். கற்றது ஒன்றும் அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுக்கவில்லை.

ஐம்பத்தைந்தில் ஜெயக்குமார் இடுப்பைத் தடவிப் பார்த்தார். "சாவி எங்க? யார்றா எடுத்தது?" என்று கேட்டார். ஒரு முறைதான் கேட்டார். அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று எண்ணும் நேரம் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. அதற்குள் அவர் பரசுராமனின் கையைப் பார்த்துவிட்டார். விசில் ஊதினார். வெளிக்கதவிலிருந்து இரண்டு காவலர்கள் லத்தியுடன் ஓடிவந்தார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. நேரில் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்.

அறுபதிலிருந்து மூன்று பேரும் அடித்தார்கள். முதலில் மூடிய கையின் மேல் அடித்தார்கள். "உட்றா, உட்றா சாவிய" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். வலிப்பில் மூடிய கை அடித்தால் திறக்காது. அது அவர்களுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். ஒருவர் மணிக்கட்டைப் பூட்ஸ் காலால் மிதித்துக்கொள்ள மற்றவர் விரல்களின் மேல் அடித்தார். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. மூன்று முறையோ நான்கு முறையோ கேட்டது. இதில் எனக்கு உறுதி இல்லை.

தொண்ணூறில் ஜோசுவா, "செத்துடுவாருண்ணே" என்று சொல்லிப் பரசுராமன் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார். அவருடைய முதுகில் ஆறேழு அடி விழுந்தது. அதன் பிறகு காலைப் பிடித்து இழுத்துப் போட்டு வாயில் உதைத்தார்கள். முன்பற்கள் இரண்டு என் காலருகே வந்து விழுந்தன. அவர் சாவியைத் தொடவே இல்லை.

நூற்றுப் பத்தில் தலையில் முதல் அடி விழுந்தது. அடித்தவர் ஜெயக்குமார். நூற்றைம்பதில் வலிப்பு நின்றது. இழுப்பு நின்று உடம்பு தளர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நூற்றெழுபதில் கை தானாகத் திறந்தது. சாவிக்கொத்து சிமெண்டுத் தரையில் விழுந்து சத்தம் கேட்டது. காவலர்களில் ஒருவர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார். ஆகவே சாவி கிடைத்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் இருநூற்றுப் பதினைந்து வரை அடித்தார்கள். அந்த நேரத்தில் விழுந்தவை பதினோரு அடி. நான்கு தலையில், மற்றவை கழுத்திலும் முதுகிலும். ஜெயக்குமாரின் லத்தி உடைந்தது. இருநூற்றுப் பதினைந்தில் நான் எண்ணுவதை நிறுத்தினேன்.

என் மேல் ஓர் அடியும் விழவில்லை.

அதன் பிறகு மற்றவர்களை அறையில் அடைத்துப் பூட்டினார்கள். மருந்து வேலை தெரியும் என்பதால் என்னை முற்றத்தில் இருக்கச் சொன்னார்கள். பரசுராமனை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். மூச்சு குறட்டை போல வந்துகொண்டிருந்தது. இடது காதிலிருந்து இரத்தமும் தண்ணீரும் கலந்து வந்தன. அப்படி வந்தால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். சட்டையை நனைத்து வலது கையைத் துடைத்தேன். முதலில் எது இரத்தம், எது சாயம் என்று தெரியவில்லை. துடைத்த பிறகு நகங்களில் மட்டும் சிவப்பு நின்றது.

ஆம்புலன்ஸ் ஆறு இருபத்தைந்துக்கு வந்துவிட்டது. வழிக்காவல் இல்லாமல் கைதியை வெளியே அனுப்பக் கூடாது என்று வெளிக்கதவில் நிறுத்திவைத்தார்கள். வழிக்காவலுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, சாமி ஊர்வலம் மண்டபத்துக்குத் திரும்பும் வரை வர முடியாது என்று பதில் வந்ததாக ஒரு காவலர் சொன்னார். ஆறு ஐம்பது அளவில் குறட்டை நின்றது. நாடி பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. என் விரல் நடுங்கிக்கொண்டிருந்ததால் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஏழு இருபதுக்கு இரண்டு போலீசார் வந்தார்கள். போர்வையில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். போர்வையின் ஒரு முனையை நான் பிடித்தேன்.

எட்டரை மணிக்கு ஆனந்தராஜ் என்னை அலுவலக அறைக்கு அழைத்தார். பரசுராமன் இறந்துவிட்டார் என்று அங்கேதான் தெரிந்தது. ஜெயக்குமார் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆனந்தராஜ் காகிதமும் பேனாவும் கொடுத்து, "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும், நீங்களே எழுதுங்க" என்றார். அவர் சொன்னதை எழுதினேன். பரசுராமன் சாவியைப் பறித்தார், ஜோசுவா உதவினார், படியில் விழுந்தார். அந்த முற்றத்தில் படி கிடையாது என்று சொன்னேன். "கழிவறைக்கு ஒரு படி இருக்குதே" என்றார். எழுதினேன். அதன் பிறகு அவர், "உங்க ஜாமீன் மனு திங்கக்கெழம வருதில்ல? நான் ஒண்ணும் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார். கையெழுத்துப் போட்டேன். சாவியை யார் எடுத்தது என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு ஒரு புது நோட்டைக் கொடுத்து, மருந்து நோட்டைத் திரும்ப எழுதச் சொன்னார். வெள்ளிக்கிழமை முதல் பரசுராமனுக்குத் தினம் ஒரு மாத்திரை கொடுத்ததாக எழுதினேன். இரண்டு வேளை மாத்திரை ஆயிற்றே என்று எனக்குத் தோன்றியது. அவர் ஒன்று என்று சொன்னதால் ஒன்று என்றே எழுதினேன். வெள்ளி முதல் வியாழன் வரை ஏழு. டப்பாவிலிருந்து ஏழு மாத்திரைகளை எடுத்துக் கழிவறையில் போட்டு வரச் சொன்னார். போட்டேன். ஒன்று மிதந்தது. இன்னொரு முறை தண்ணீர் ஊற்றினேன்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது மணி பத்து இருக்கும். லில்லி சன்னலுக்கு வந்தார். அவருக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. வேர்த்துப்போயிருந்தார். கூட்டத்தில் பேருந்து விடாததால் நடந்தே வந்ததாகச் சொன்னார். கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. திருவிழா முகாமைத் தேடிப்போய், அங்கிருந்த சிறை மருத்துவரையே பார்த்து வாங்கிய சீட்டு அது.

"சீட்டு வாங்கிக்கினு வந்துட்டேன் சார். அவரே எழுதிக் குடுத்தாரு. இப்ப குடுப்பீங்கல்ல?" என்றார்.

ஆனந்தராஜ் என்னைப் பார்த்தார். நான் சீட்டை வாங்கினேன். "சரிம்மா" என்றேன். தேதி போட்டு, வரிசை எண் போட்டு, கோப்பில் சேர்த்தேன். லில்லி, "வெறும் வயித்துல குடுக்காதீங்க சார், வாந்தி எடுப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போய் எதிரே மரத்தடியில் உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு ஒரு பெண் காவலர் வந்து அவரை அழைத்துக்கொண்டு போனார்.

பழைய மருந்து நோட்டைக் கிழித்து எரித்துவிடச் சொன்னார் ஆனந்தராஜ். நான் அதைக் கிழிக்கவில்லை. தைரியத்தினால் அல்ல. எழுதிய நோட்டைக் கிழித்து எனக்குப் பழக்கம் இல்லை. அலமாரியின் மூன்றாவது தட்டில் விரித்திருக்கும் செய்தித்தாளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதில் ஏழு நாளும் இருப்பு முப்பது என்று இருக்கும். வியாழக்கிழமை எண்ணிக்கையை மட்டும் நான் போர்வையைத் தூக்கிவிட்ட பிறகு, ஆனந்தராஜ் வருவதற்கு முன் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. எழுதும் நேரம் வந்திருந்தது. அந்த நோட்டை இன்று மாலைக்குள் கைப்பற்ற வேண்டும். நான் இங்கே சொன்னது மாலைக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். என்னை அழைத்து வந்த காவலர் வெளியே பெஞ்சில் இருக்கிறார்.

அதன் பிறகு ஜோசுவா மீது தப்பிக்க உதவியதாக வழக்குப் போட்டு, தனி அறையில் அடைத்தார்கள். உதடு தைக்கப்படவில்லை. நான்கு நாட்கள் வீங்கிய வாயோடு கஞ்சியை உறிஞ்சிக் குடித்தார். மாத்திரை கொடுக்கப் போகும்போது என்னைப் பார்ப்பார். அவர் அன்று எனக்கு அடுத்த பின் வரிசையில் இருந்தவர். என் கை போனதை அவர் பார்த்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் மட்டும், "இன்னா கம்பவுண்டரே, உங்க ஜாமீன் இன்னா ஆச்சு?" என்று கேட்டார். கிடைத்துவிடும் போலிருக்கிறது என்றேன். "நல்லது. ஊட்டுக்குப் போயி நல்லா தூங்குங்க" என்றார். யாரிடமும் என்னை அவர் காட்டிக் கொடுக்கவில்லை. அன்று மாலை, நடுவர் அவர்களிடம் பேச வேண்டும் என்று மனு எழுதி, நேர்காணலுக்கு வந்த என் வழக்கறிஞரிடம் கொடுத்தேன்.

இன்று காலை இந்த நீதிமன்ற வராந்தாவில் லில்லி என் அருகில் வந்து நின்றார். "சார், அவரு ஓடப் பாத்தாரா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றேன்.

"நானும் அதான் சொன்னேன். வலிப்பு வந்தா அவருக்கு ஒண்ணுக்குப் போறதே தெரியாது, எங்க ஓடறது? ஆனா அவரு கைல சாவி இருந்துச்சாமே. அத சொன்னா நான் இன்னா சார் பதில் சொல்றது? அவருக்கு யாரு சார் குடுத்தது?"

உள்ளே சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியும் என்று தோன்றவில்லை. ஆகவே இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்குப் படிக்கத் தெரியும். சாவி எடுத்ததைச் சொல்லும் பகுதியை அவர் தேடாமல் கண்டுபிடிக்கும்படி ஓரத்தில் ஒரு கோடு போட அனுமதி கேட்டேன். நடுவர் அவர்கள் கோடு போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதைச் சொன்னால் சிறைக்காவலரிடமிருந்து சாவி பறித்த குற்றம் என் மேல் வரும் என்றும், முன்பு பொய் வாக்குமூலம் எழுதியதற்கும் மருந்து நோட்டை மாற்றியதற்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் நடுவர் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். புரிந்துகொண்டேன். இதையெல்லாம் சொல்லும்படி யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா என்று கேட்டார்கள். இல்லை. என்னை வேறு சிறைக்கு மாற்ற உத்தரவிடட்டுமா என்று கேட்டார்கள். முதலில் ஜோசுவாவை மாற்றி, அவர் வாயை ஒரு மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். அதன் பிறகு பயமாக இருக்கிறது என்பதால் என்னையும் மாற்றும்படி கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை எனக்கு முழுதும் படித்துக் காட்டினார்கள். ஓர் இடத்தில், சாவிக்கொத்து பரசுராமன் கைக்கு வந்தது என்று எழுதப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டு, நான் வைத்தேன் என்று எழுதச் சொல்லி, திருத்தத்தின் அருகே சுருக்கொப்பம் இட்டேன். மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன. எனக்கு உறுதி இல்லாதவற்றை உறுதி இல்லை என்றே சொல்லியிருக்கிறேன். உறுதியாகச் சொன்னவற்றுக்கு நானே பொறுப்பு.

(ஒப்பம்)
கோ. சீனிவாசன்